காயில் மாஸ்டர் கிட் வி3: காயில் சுற்றுகிறவர்களுக்கு இந்தப் பை போதுமா?

மின்சிகரெட்டான வேப்பில் லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்தான் காயில். அதை ரெடிமேடாக வாங்காமல், கம்பி வாங்கித் தாங்களே சுற்றிப் போட்டுக்கொள்கிறவர்களுக்காகக் காயில் மாஸ்டர் விற்கும் கருவிப் பை இது. ஜிப்பைத் திறந்தால் காயிலின் மின்தடையை அளக்கும் குட்டி ஓம் மீட்டர், காயில் சுற்றும் ஜிக், பீங்கான் முனை ட்வீசர், கட்டர், நோஸ் பிளேயர், மடக்குக் கத்தரி, ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாம் வார்ப்பட்டையில் செருகி வைத்திருக்கும். பார்த்தவுடன் எதுவும் குறையில்லை என்று தோன்றும். ஆனால் கொடுக்கிற காசில் பெரும்பங்குக்குப் பதில் சொல்வது இரண்டே பொருள்தான்: ஓம் மீட்டரும் பீங்கான் ட்வீசரும். மற்றவை வேண்டியவைதான், ஆனால் நல்ல ஹார்டுவேர் கடையில் அதே தரத்திலோ அதற்கு மேலோ கிடைக்கும். கம்பி, காயிலுக்குள் இருந்து லிக்விட்டை உறிஞ்சும் பஞ்சு, மீட்டருக்குப் போடும் 18650 பாட்டரி ஆகியவற்றைத் தனியாக வாங்க வேண்டும்.

இது யாருக்கு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு எல்லாவற்றையும் தடை செய்கிறது. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகும் வழியில் அங்கே இறங்குகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. ஆகவே இங்கே எழுதுவது பிரிட்டன் போலச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில், சிகரெட்டை விட்டு இதற்கு மாறிய பெரியவர்களுக்கு. புகையே பிடிக்காதவர் இந்தப் பக்கம் வர வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களை விற்க முடியாது. மறுபடி நிரப்பும் டாங்க்குக்கு (லிக்விட்டும் காயிலும் இருக்கும் குப்பி) வந்தவர்களில் சிலர் அடுத்த படியாகக் காயிலையும் தாங்களே கட்டிப் பார்க்க விரும்புகிறார்கள். கணக்கு எளிது. பத்து மீட்டர்க் கம்பிச் சுருளில் ஒற்றைக் காயில்கள் நூறுக்கு மேல் வரும்; பஞ்சை மட்டும் மாற்றிக்கொண்டே ஒரு காயிலைப் பல வாரம் ஓட்டலாம். அந்த மிச்சம் கைக்கு வர வேண்டுமானால் அளவு சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் மீட்டரிலிருந்து தொடங்குகிறேன்.

மீட்டரின் தலையில் 510 மரை, அதாவது டாங்க்கைப் பாட்டரிப் பெட்டியோடு இணைக்கும் பொது அளவுத் திருகு மரை, இருக்கிறது. டாங்க்கின் அடிப்பகுதியைக் கழற்றி இதன்மேல் திருகினால், காயில் உட்காரும் டெக் ஆடாமல் நிற்கும். அப்படியே திருகு முடுக்கலாம், கம்பி வெட்டலாம், பஞ்சு வைக்கலாம். பட்டனை அழுத்திக் காயிலைச் சூடாக்கவும் முடியும். “என் மாடே ஓம் காட்டுகிறதே, இது எதற்கு?” என்று கேட்பார்கள். எலெக்ட்ரானிக் கட்டுப்பாடுள்ள மாட் எனப்படும் பாட்டரிப் பெட்டி காட்டும், உண்மைதான். ஆனால் ஷார்ட் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதிக ஆம்பியர் தரும் பாட்டரியின் தலையிலேயே ஏற்றிப் பார்ப்பது தலைகீழ் வேலை. எந்தப் பாதுகாப்புச் சுற்றும் இல்லாத மெக்கானிக்கல் மாட் வைத்திருப்பவருக்குத் தனி மீட்டர் கட்டாயம்.

ஒரு காயிலுக்கு மூன்று முறை அளக்க வேண்டும். திருகு முடுக்கியவுடன் ஒன்று. காயிலைச் சிவக்க வைத்து ஆறிய பிறகு ஒன்று. பஞ்சு வைத்து, மூடியும் மாட்டிய பிறகு ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெட்டாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால், திறந்த டெக்கில் சும்மா இருக்கும். மூடியைத் திருகியதும் அதன் உள்சுவரைத் தொட்டு ஷார்ட் ஆகும். மூடுமுன் 0.6 ஓம் காட்டியது மூடிய பின் 0.0 காட்டினால் காரணம் இதுதான். வேறெங்கும் தேட வேண்டாம்.

மீட்டர் சொல்லும் எண் சரியா தவறா என்று தெரிய, வரவேண்டிய எண் நம் கையில் இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்குச் செலவாகும் கம்பி = 3.14 × (காயிலின் உள்விட்டம் + கம்பியின் தடிமன்). கால்களுக்கு (காயிலின் இரு பக்கமும் திருகுக்குப் போகும் நுனிக் கம்பி) மொத்தம் 10 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். கேஜ் என்பது கம்பியின் தடிமன் எண்; எண் கூடினால் கம்பி மெலிது. காந்தல் ஏ1 (இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை) கம்பி 26 கேஜில் மீட்டருக்கு ஏறக்குறைய 11.3 ஓம், 28 கேஜில் 17.9 ஓம். நைக்ரோம் 80 (நிக்கல், குரோமியக் கலவை) என்றால் 26 கேஜில் 8.4, 28 கேஜில் 13.4. எஸ்.எஸ். 316எல் எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 26 கேஜில் 5.8, 28 கேஜில் 9.3.

சிகரெட் போல வாயில் இழுத்துப் பிறகு உள்ளே வாங்கும் டாங்க்குக்கு, 28 கேஜ் காந்தல், 2.5 மி.மீ. உள்விட்டம், 6 சுற்று என்று வையுங்கள். கம்பியின் தடிமன் 0.32 மி.மீ.; ஒரு சுற்றுக்கு 8.9 மி.மீ.; ஆறு சுற்றும் கால்களும் சேர்த்து 63 மி.மீ.; 1.1 ஓம் வர வேண்டும். 12 முதல் 15 வாட்டில் இது நன்றாக வேலை செய்யும். நேரே நெஞ்சுக்கு இழுக்கும் அகலமான டாங்க்குக்கு, 26 கேஜ் நைக்ரோம், 3 மி.மீ., 6 சுற்று போட்டால் ஒரு காயில் 0.62 ஓம், இரட்டைக் காயிலாக வைத்தால் 0.31.

கணக்குக்கும் மீட்டருக்கும் 0.05 ஓம் வரை வித்தியாசம் இருந்தால் கவலை இல்லை. கால் கொஞ்சம் நீண்டிருக்கும், அல்லது அரைச் சுற்று கூடியிருக்கும். பாதியாகக் காட்டினால் காயிலின் உடம்பு டெக்கையோ நடுத்தூணையோ தொட்டுக்கொண்டிருக்கிறது. இரட்டைக் காயிலில் இரண்டு மடங்கு காட்டினால் ஒரு காயிலின் கால் திருகுக்குள் சிக்கவே இல்லை. எண் நிலையில்லாமல் 0.58, 0.64, 0.60 என்று குதித்தால் லூஸ் காண்டாக்ட். முதலில் திருகைப் பாருங்கள், பிறகு 510 மரையில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், கடைசியாக டெக்கின் அடியிலிருக்கும் பின்னை அரைச் சுற்று முடுக்குங்கள். சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள். எஸ்.எஸ். கம்பியின் ஓம் சூட்டில் கூடிவிடும். வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் (ஓம் மாறுவதை வைத்து மாட் சூட்டைக் கணிக்கும் முறை) ஓட்டுகிறவர்கள் சூடான காயிலை அடிப்படை அளவாகப் பூட்டிவிட்டால், மாட் தவறான சூட்டைக் கணக்குப் போட்டுப் பஞ்சைக் கருக்கும். அறைச் சூட்டுக்கு ஆறிய பிறகே பூட்ட வேண்டும்.

ஜிக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தேவையான விட்டமுள்ள தண்டைப் பொருத்தி, கம்பியின் நுனியைப் பள்ளத்தில் சிக்கவைத்துத் திருகினால் சீரான காயில் கிடைக்கும். கம்பியை விறைப்பாகப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். பிடி தளர்ந்தால் காந்தல் ஸ்பிரிங் போல விரிந்து, உள்விட்டம் தண்டைவிடப் பெரிதாகிவிடும். இரட்டைக் காயிலுக்கு இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். ஒன்று இடமும் ஒன்று வலமுமாகச் சுற்றினால் கால்கள் டெக்கின் துளைக்கு நேராக வராது. கூடவே 2.5, 3 மி.மீ. டிரில் பிட் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கால்களைத் துளையில் நுழைத்துத் திருகு முடுக்கும்போது காயில் கோணாமல் இருக்க, டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியை உள்ளே விட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜிக்கைவிட இது அதிகம் உதவும்.

ஸ்க்ரூ டிரைவரில் கவனிக்க வேண்டியது தலை பொருந்துகிறதா என்பதுதான். டெக் திருகுகள் மிகச் சிறியவை. பொருந்தாத முனையால் அழுத்தித் திருகினால் தலை வழுக்கிவிடும், பிறகு கழற்ற முடியாது. பல டெக்குகளில் அறுகோணக் குழித் திருகு வரும். அதற்கான ஆலன் சாவி டாங்க் வந்த பெட்டியிலேயே உதிரித் திருகுகளோடு இருக்கும். தூக்கிப் போட்டுவிடாமல் அதை இந்தப் பையில் சேர்த்து வையுங்கள். முடுக்கும் அளவும் முக்கியம். 28 கேஜ் கம்பியை முழு பலத்தோடு முடுக்கினால் திருகின் விளிம்பு கம்பியை அறுத்துவிடும். கம்பி நகராத அளவுக்கு முடுக்கி, காயிலைச் சிவக்க வைத்து ஆறிய பிறகு திருகைக் கால்வாசிச் சுற்று கூட்டிக்கொள்வது சரியான முறை. முதல் சூட்டில் கம்பி சற்றுத் தளர்வதால் இந்த இரண்டாம் முடுக்கு தேவைப்படுகிறது.

கட்டரைப் பொறுத்தவரை, கால் கம்பியைத் திருகின் ஓரத்தோடு ஓரமாக வெட்ட முடிகிறதா என்பதே கேள்வி. வெட்டும் விளிம்பின் தட்டையான பக்கம் டெக்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் அரை மி.மீ. கம்பி நீட்டி நிற்கும். இதே கட்டரால் தடித்த ஸ்டீல் கம்பி, சைக்கிள் கேபிள் என்று வெட்டினால் விளிம்பு பல் விழுந்துவிடும். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் ஃப்ளஷ் கட்டர் கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அது இன்னும் நெருக்கமாக வெட்டும்.

இனி பீங்கான் ட்வீசர். பையில் கருத்தோடு செய்த பொருள் இது. பீங்கான் முனை மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டிலும் இளகாது. அதனால் காயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடலாம். உலோக ட்வீசரால் அப்படித் தொட்டால் சுற்றுகள் ஷார்ட் ஆகும்.

புதிய காயிலைக் கட்டியவுடன் மாடில் 10 முதல் 12 வாட் வைத்து, ஒரு நொடி, இரண்டு நொடி என்று விட்டுவிட்டுச் சூடாக்குங்கள். மீட்டரிலேயே இதைச் செய்யலாம் என்றாலும், வாட்டைக் குறைத்து வைக்கக்கூடிய மாடில் செய்வதுதான் கம்பிக்கு நல்லது. காயில் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் ஒரே சீராகச் சிவந்து பரவ வேண்டும். முதல் சூட்டில் அநேகமாக அப்படி நடக்காது. ஒரு ஓரத்துச் சுற்று மட்டும் பளிச்சென்று ஆரஞ்சாகும், மற்றவை கறுப்பாகவே நிற்கும். அந்த இடத்தில்தான் பின்னால் பஞ்சு கருகும். மின்சாரத்தை நிறுத்தி, காயில் இன்னும் சூடாக இருக்கும்போது ட்வீசரால் இரு பக்கமிருந்தும் மெல்ல நெருக்குங்கள், பிறகு முனையால் சுற்றுகளின் மேல் குறுக்காக வருடுங்கள், மறுபடி சூடாக்குங்கள். நாலைந்து தடவையில் நடுவில் மங்கிய செம்மை தோன்றி வெளியே விரியும். காந்தலின் மேல் சூட்டில் உண்டாகும் ஆக்சைடு படலம் ஒரு சுற்றை அடுத்த சுற்றிலிருந்து பிரித்து வைக்கிறது. அதனால்தான் சுற்றுகள் ஒட்டியிருந்தாலும் மின்சாரம் குறுக்கே பாயாமல் முழு நீளமும் ஓடுகிறது.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு எஸ்.எஸ். போடுகிறவர்கள் நெருக்கக் கூடாது. சுற்றுகளுக்கிடையே கம்பியின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டுச் சுற்றினால்தான் ஓம் நிலையாக இருக்கும். டைட்டானியம், நிக்கல் 200 இரண்டையும் சிவக்கவே வைக்காதீர்கள். டைட்டானியத்தைச் சிவக்க வைத்தால் மேலே வெள்ளைப் படலம் கட்டும். அது டைட்டானியம் டையாக்சைடு, மூச்சில் போகக் கூடாதது. பீங்கான் ட்வீசருக்கு ஒரே எதிரி கீழே விழுவது. முனை உடைந்தால் ஒட்டவைக்க முடியாது. முனை மட்டும் தனியாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

காயிலின் உயரத்துக்குப் பையில் எந்த அளவுகோலும் இல்லை. காற்றுத் துளை அடியிலிருந்து வரும் டாங்க்கில், காயிலின் அடிப்பாகம் துளைக்கு மேல் 1 முதல் 2 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் இழுப்பு அடைபடும், துளைக்குள் லிக்விட் சொட்டும். உயர்ந்தால் காற்று பக்கவாட்டில் நழுவிச் சுவை மந்தமாகும்.

அடுத்தது பஞ்சு. டாங்க் ஒழுகுகிறது, கருகுகிறது, களகளவென்று சத்தம் போடுகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பையிலுள்ள கத்தரி சின்னது; நுனி கூராக இருப்பதால் டெக்குக்குள் நுழையும், நறுக்க முடியும். வெளுக்காத காட்டன் அல்லது வேப்புக்கென்றே விற்கும் பஞ்சு வாங்குங்கள். சதுரப் பஞ்சுத் தாளாக இருந்தால் மேலும் கீழும் இருக்கும் அழுத்தமான படலத்தை உரித்துவிட்டு, இழை ஓடும் திசையிலேயே பட்டையாகக் கிழியுங்கள். 3 மி.மீ. காயிலுக்கு ஏறக்குறைய 10 மி.மீ. அகலப் பட்டையில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நுனியை முறுக்கிக் காயிலுக்குள் விட்டு இழுக்கும்போது லேசான பிடி இருக்க வேண்டும். காயிலே கூட வந்து கோணினால் பஞ்சு அதிகம். தடையில்லாமல் வழுக்கி வந்தால் குறைவு. குத்துவிளக்கில் மூக்குக்குள் அடைத்துத் திணித்த திரி எப்படி எண்ணெய் இழுக்காமல் கருகுமோ, அப்படித்தான் இதுவும்.

இரு பக்கமும் தொங்கும் வால்களை டெக்கின் வெளிவிளிம்பு அளவுக்குச் சாய்வாக வெட்டுங்கள். பல டாங்க்குகளுக்கு இது நல்ல ஆரம்ப அளவு. பிறகு ஊசியாலோ ட்வீசர் நுனியாலோ வால்களைச் சீவி, அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். காயிலுக்குள் பஞ்சு நிறைவாக இருக்க வேண்டும், வால் மெலிந்திருக்க வேண்டும். வால்களை லிக்விட் வரும் வாய்க்காலின் மேல் மூடி போல உட்கார வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். வாய்க்காலின் ஒரு மூலையில் பஞ்சு மூடாத இடைவெளி தெரிந்தால் அந்த வழியாகத்தான் காற்றுத் துளைக்கு லிக்விட் இறங்கும். இந்த ஒரு நிமிடப் பார்வை அரை டாங்க் ஒழுகலைத் தடுக்கும்.

பிறகு பஞ்சு முழுதும் மினுங்கும் வரை லிக்விட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனையுங்கள். காயிலின் நடுப்பகுதிதான் கடைசியில் நனையும். குறைந்த வாட்டில் இரண்டு மூன்று முறை சூடாக்கினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். டாங்க்கை மூடி நிரப்பிய பிறகு ஐந்து நிமிடமாவது விட்டு வையுங்கள். காய்ந்த பஞ்சில் ஒரு இழுப்பு இழுத்தாலே கரி பிடித்துவிடும்; அந்தக் கரிந்த நெடி எந்த லிக்விட் போட்டாலும் போகாது, பஞ்சை மாற்றித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொண்டு இழுப்பது உடம்புக்கும் கேடு. பஞ்சு காய்ந்து சூடேறும்போதுதான் ஃபார்மால்டிஹைடு போன்றவை அதிகமாக உண்டாகின்றன.

லிக்விட்டின் கெட்டித்தன்மைக்கேற்பப் பஞ்சும் மாறும். நூற்றுக்கு 70 பங்கு கிளிசரின் உள்ளது கெட்டி. வாய்க்கால் அகலமாக, வால் மெலிதாக இருந்தால்தான் ஓடும். பாதிக்குப் பாதி கலவை நீர்த்திருக்கும். அதே பஞ்சுக்கு ஒழுகும், கொஞ்சம் கூட்ட வேண்டும். இனிப்பூட்டி அதிகமுள்ளவை காயிலில் கறுப்புப் பிசினாகப் படியும், வாரத்துக்கு இரண்டு முறை பஞ்சு மாற்ற வேண்டி வரும். சமையல் எசன்ஸ், எண்ணெய் கலந்த வாசனைப் பொருள் எதையும் எக்காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். எண்ணெய் நுரையீரலில் தங்கி நோயாகும்.

எல்லாம் சரியாக இருந்தும் நிரப்பியவுடன் ஒழுகுகிறதா? மூடியைத் திருகும்போது உள்ளே அடைபட்ட காற்று லிக்விட்டைக் கீழே தள்ளுகிறது. நிரப்புமுன் காற்றுத் துளையை மூடி, மேல்மூடியை முடுக்கிய பிறகு டாங்க்கைத் தலைகீழாகப் பிடித்துத் துளையைத் திறந்து, பிறகு நிமிர்த்துங்கள். விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால் நிறைந்த டாங்க் ஒழுகும். காலி செய்துவிட்டே ஏறுங்கள், பாட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள்.

துப்புரவுக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை: மென்மையான பழைய பல் துலக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, சுத்தமான கிளிசரின். புதிய டாங்க்கில் இயந்திர எண்ணெய் ஒட்டியிருக்கும். முழுதாகக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீருமாகக் கழுவிக் காயவைத்த பிறகே காயில் கட்டுங்கள். பஞ்சு மாற்றும்போது, பழையதை உருவிவிட்டுக் குறைந்த வாட்டில் காயிலைச் சிவக்க வைத்தால் பிசின் எரிந்து சாம்பலாகும். ஆறிய பிறகு துலக்கியால் தேய்த்துத் தண்ணீரில் அலசுங்கள். டெக்கை மாடிலிருந்து கழற்றிவிட்டு அலச வேண்டும். சுற்றுகள் குழிந்தோ சாம்பல் நிறத்தில் மெலிந்தோ தெரிந்தால் அந்தக் காயிலின் ஆயுள் முடிந்தது. ஓ-ரிங்கைத் திரும்ப மாட்டும்போது ஒரு துளி கிளிசரின் தடவுங்கள். காய்ந்த ரிங் திருகும்போது முறுக்கிக் கிழியும். வாசலின் தடவக் கூடாது, பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊத வைக்கும். 510 மரையைப் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் “அட்டாமைசரைச் (டாங்க்கும் காயிலும் சேர்ந்த பகுதி) சரிபார்” என்று திரையில் வரும் தொந்தரவில் பாதி தீர்ந்துவிடும்.

பாட்டரியைத் தனியாக வாங்க வேண்டும் என்றேன். 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். சாம்சங் 25ஆர் 2500 மில்லி ஆம்பியர் மணி, 20 ஆம்பியர் தொடர்ந்து தரும்; 30க்யூ 3000, ஆனால் 15 ஆம்பியர். 9900 என்று அச்சிட்ட 18650 பொய். மெக்கானிக்கல் மாடில் 0.3 ஓம் காயில் போட்டால், முழுதும் ஏறிய 4.2 வோல்டில் 14 ஆம்பியர் இழுக்கும், 0.15 ஓம் என்றால் 28, அதைத் தாங்க 25ஆராலும் முடியாது. எலெக்ட்ரானிக் மாடில் கணக்கு வேறு: அங்கே ஓம் அல்ல, வாட்தான் பாட்டரியின் சுமை. ஒரே பாட்டரியில் 60 வாட் ஓட்டினால், வோல்ட் 3.2-க்கு இறங்கும் நேரத்தில் ஏறக்குறைய 19 ஆம்பியர் போகும். ஒற்றைப் பாட்டரி மாடில் 50 வாட்டுக்குள் இருப்பது நல்லது. 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பாதுகாப்புச் சுற்று இல்லாத மாட் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். காயில் கட்டப் பழகும் வரை மெக்கானிக்கல் வேண்டாம் என்று சொல்வேன்.

பாட்டரியின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உறைக்கு அடியில் உள்ள உலோகக் குழாய் முழுவதும் மைனஸ். மேல்முனையில் பிளஸுக்கும் அதற்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய காகித வளையம் மட்டுமே. கிழிந்ததை உரித்து, அந்த வளையத்தை அப்படியே வைத்து, புது உறையைப் போட்டு ஹேர் டிரையரைக் காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். வளையம் கெட்டிருந்தால் உறையோடு அதையும் மாற்ற வேண்டும். குழாய் நசுங்கியிருந்தால் பாட்டரியே வேண்டாம், மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். உதிரியாக இருக்கும் பாட்டரியை இந்தப் பையில் கட்டர், பிளேயரோடு சும்மா போட்டுவைக்கக் கூடாது. இரண்டு உலோகக் கருவிகள் இரு முனையையும் தொட்டால் அங்கேயே ஷார்ட். சில்லறை விலையில் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறது.

முதன்முதலாகக் காயில் கட்டத் தொடங்குகிறவர் முழுப் பையை வாங்கலாம். ஐந்து கடை ஏற வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான கட்டர், நோஸ் பிளேயர், நுண் ஸ்க்ரூ டிரைவர் ஏற்கெனவே வீட்டில் இருப்பவருக்கு முழுப் பை தண்டம். மீட்டரும் பீங்கான் ட்வீசரும் தனித்தனியாகவும் விற்கிறார்கள். அந்த இரண்டையும் இரண்டு டிரில் பிட்டையும் வாங்கிவிட்டு, மிச்சக் காசுக்கு நல்ல கம்பியும் பஞ்சும் வாங்குங்கள்.